விரற்கடை இடம்

எங்கள் கிரெய்கிபர்ன் வீட்டில் இரண்டு குசினிகள் இருந்தன. வீட்டுக்குள் இருந்ததில் மீன் பொரிக்கக் கூடாது, நண்டு உடைக்கக் கூடாது, கருவாட்டின் பெயரைக்கூடக் குரலைத் தாழ்த்தித்தான் சொல்ல வேண்டும். அந்த வேலைகளுக்கெல்லாம் கராஜ். காருக்கென்று கட்டிய இடத்தில் காஸ் அடுப்பும், பிறந்தநாள் பிரியாணிக்கு இறக்கும் பெரிய பானையும், மீன் வெட்டும் பலகையும் குடியிருக்க, கார் வெளியே மழையில் நின்றது. "காருக்கு வாயில்லை, கேக்காது" என்பார் அப்பா.

வெள்ளிக்கிழமைகளில் கராஜும் சைவம். அதில் அம்மாவிடம் விட்டுக்கொடுப்பே கிடையாது. அப்படிப்பட்டவர் ஒரு வெள்ளிக்கிழமை, நெற்றியில் திருநீற்றோடு, அதே கராஜில் ஆட்டிறைச்சி சமைத்தார் என்றால் எங்கள் சொந்தக்காரர் இன்றைக்கும் நம்பமாட்டார்கள். ஆட்களின் கதையைக் கேட்டுக் கேட்டே கதைக்கப் பழகினவள் நான். கூட்டிச் சொல்கிற குணமும் கொஞ்சம் உண்டு. ஆனால் இதில் கூட்டுவதற்கு ஒன்றுமில்லை.

பக்கத்து வீட்டுக்குச் சிரியாவிலிருந்து ஒரு குடும்பம் வந்திருந்தது. தாய், தகப்பன், என் வகுப்பிலேயே படித்த மகள். தாயை நான் அன்ரி என்று கூப்பிட்டேன். அவர்கள் வந்து ஒரு கிழமைக்குள்ளேயே அம்மா ஒரு தட்டு உளுந்து வடையை வேலிக்கு மேலால் நீட்டினார். தட்டு, திராட்சை இலையில் சுருட்டிய எதையோ நிறைத்துக்கொண்டு திரும்பி வந்தது. வெறுந்தட்டைத் திருப்பிக் கொடுக்கக் கூடாது என்பது எங்கள் ஊர் வழக்கம் என்று அம்மா நினைத்திருந்தார். அது அவர்கள் ஊர் வழக்கமும்தான் என்று தெரிந்தபிறகு, இரண்டு பேருக்கும் அந்தத் தட்டை நிறுத்த வழியில்லாமல் போயிற்று.

அவர்களுக்கு மூத்த மகன் ஒருவரும் இருந்தார். அவரை நாங்கள் கைப்பேசித் திரையில்தான் கண்டிருந்தோம். குடும்பம் துருக்கியில் காத்திருந்தபோது மற்ற மூன்று பேருக்கும் விசா வந்தது, அவருக்கு வரவில்லை. மாமன் ஒருவரிடம் விட்டுவிட்டு வந்தார்கள். விட்டபோது மீசை அரும்பாத பையன். திரையில் தெரிந்தவருக்குத் தாடி இருந்தது.

அவர் தாயிடம் எப்போதும் கேட்டது கூசாவைத்தான். கூசா என்பது நாங்கள் கடையில் சூக்கினி என்று வாங்கும், வெள்ளரிக்காய் போன்ற காயில் சின்ன வகை. உள்ளே குடைந்து, அரிசியும் அரைத்த இறைச்சியும் அடைத்து, தக்காளிச் சாற்றில் அவிப்பார்கள். "நீ வருகிற அன்று உன் வாயில் முதலில் விழுவது என் கூசாதான்" என்று அன்ரி ஒவ்வொரு அழைப்பிலும் அவருக்குச் சொல்வாராம். மகள்தான் எனக்கு மொழிபெயர்த்துச் சொன்னாள்.

கடைசியில் விசா வந்தது. நோன்பு மாதத்தில், ஒரு வெள்ளிக்கிழமை பின்னேரம் விமானம் இறங்கும் என்றானது. அதற்கு முந்திய கிழமை அன்ரி பின்வளவின் ஈரச் சீமெந்தில் வழுக்கி விழுந்து வலது மணிக்கட்டை உடைத்துக்கொண்டார்.

அந்த வெள்ளிக்கிழமை ஆசிரியர்களுக்கு மட்டும் பள்ளிக்கூடம், எங்களுக்கு விடுமுறை. நான் வீட்டில் நின்றேன். மத்தியானம் அன்ரி ஒரு பெரிய பையோடு வந்தார். பையை எங்கள் மேசையில் வைத்து, மாவுக்கட்டுப் போட்ட கையையும் அதற்குப் பக்கத்தில் வைத்தார். இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் அம்மாவுக்கு விளங்கும் என்று நினைத்திருக்க வேண்டும். விளங்கியது.

"ஐயோ சிஸ்டர், டுடே ஃப்ரைடே!" என்றார் அம்மா.

"யெஸ், ஃப்ரைடே" என்றார் அன்ரி. "சன் கோ டவுன், ஈட்டிங்."

அம்மா சாமியறைக்குப் போய்க் கொஞ்ச நேரம் நின்றார். திரும்பி வந்து கராஜுக்குள் போய், ரோலர் கதவை உச்சிவரை தூக்கிவிட்டார். நாங்கள் குடியேறிய நாட்டில் ஜூன் குளிர்காலம்; அந்தக் காற்று வீடு முழுக்க ஓடியது. இரவு வேலை முடித்துப் பகலில் படுத்திருந்த அப்பா, போர்வையைச் சுற்றிக்கொண்டு வந்து எட்டிப் பார்த்தார்.

"என்னப்பா இது? வெள்ளிக்கிழமையிலை இறைச்சி!"

"கதவு திறந்து கிடந்தால் இது வெளி. வெளியிலை சமைக்கிறதுக்கு வெள்ளி செவ்வாய் இல்லை."

"இந்தச் சட்டம் எப்ப வந்தது?"

"இப்பத்தான். நீங்கள் போய்ப் படுங்கோ."

"அப்ப போன வெள்ளி நான் நண்டு கேக்கேக்க..."

"அது உங்களுக்கு. இது வாற பிள்ளைக்கு."

அப்பா போய்ப் படுக்கவில்லை. தன் வேலைப் பையிலிருந்து மெல்லிய ரப்பர் கையுறைகளை எடுத்துவந்து கொடுத்தார். அதைப் போட்டுக்கொண்டால் இறைச்சியைத் தொட்டதாகாது என்பது இரண்டாவது சட்டம்.

அன்ரியின் கணவரும் மகளும் விமானம் இறங்க வெகுநேரம் இருக்கும்போதே விமான நிலையத்துக்குப் போய்விட்டார்கள். அது எங்கள் பக்கத்திலிருந்து தூரமில்லை. இறங்கப்போகிற விமானங்கள் கூரைகளுக்கு மேலால் தாழ்ந்து போகும். ஒவ்வொரு சத்தத்துக்கும் அன்ரி கராஜை விட்டு வெளியே ஓடி, மாவுக்கட்டுக் கையைக் கண்ணுக்கு மேலே பிடித்துக்கொண்டு அண்ணாந்து பார்ப்பார். நானும் கூடவே ஓடி, வாலின் நிறத்தைக் கத்திச் சொல்வேன். சிவப்பு, நீலம், இன்னொரு சிவப்பு. எந்த நிறம் வேண்டும் என்று அவருக்கும் தெரியாது. திரும்பி வந்து அம்மாவின் தலைக்கு மேலே குனிந்து நிற்பார்.

காயைக் குடைவதற்கு ஒரு நீளமான கருவி கொண்டுவந்திருந்தார். நெடுக்காகப் பாதியாகப் பிளந்த குழாயைப் போல இருந்தது. காம்பை வெட்டி, அதை உள்ளே விட்டுத் திருகித் திருகிச் சதையை எடுக்க வேண்டும். தோல் கிழியவும் கூடாது, அடி துளைபடவும் கூடாது. அம்மா முதற்காயிலேயே அடியைத் துளைத்துவிட்டார்.

"வை, ஹபீப்தி? வை?" என்றார் அன்ரி.

இரண்டாவது காயும் போயிற்று. "ஹபீப்தி! ஸ்லோ!"

"பிள்ளை, இவ என்னை ஏசுறாவோ?" என்று அம்மா தலையைத் தூக்காமல் என்னைக் கேட்டார்.

"இல்லையம்மா. அன்பே எண்டு கூப்பிடுறா."

"அன்பே எண்டு சொல்லித்தான் ஏசுறா."

ஆனாலும் அம்மாவுக்குக் கை படிந்தது. காய்கள் ஒவ்வொன்றாய்ச் சின்னக் குழாய்களாக மேசையில் அடுக்கப்பட்டன. எடுத்த சதையை அன்ரி ஒரு துளிகூட எறியவிடவில்லை. நாளைக்கு முட்டையோடு வதக்கலாமாம். அதைக் கண்டதும் அம்மாவுக்குக் கோபம் பாதி போய்விட்டது. "சிக்கனக்காரி" என்றார். எங்கள் வீட்டில் அதைவிடப் பெரிய பட்டம் கிடையாது.

அரிசியையும் இறைச்சியையும் மிளகு, கறுவாத் தூளோடு அன்ரி இடக்கையால் பிசைந்தார். அடைப்பது அம்மாவின் வேலை. அங்கேதான் சண்டை தொடங்கியது. அம்மா வாய்வரைக்கும் அடைக்க, அன்ரி தலையில் அடித்துக்கொள்ளாத குறை.

"நோ ஃபுல்! நோ ஃபுல்!" தன் சுட்டுவிரலை நீட்டி, நுனிக் கணுவைத் தொட்டுக் காட்டினார். "திஸ், எம்ப்டி."

அந்த விரற்கடை இடத்தை வெறுமையாய் விடவேண்டும். அரிசி வெந்து ஊதி அதை நிரப்பிக்கொள்ளும். அம்மா ஒவ்வொரு காயையும் அடைக்கும்போது அன்ரி, எங்கள் வீட்டு மேசையில் பழகிய ஒரேயொரு தமிழ்ச் சொல்லைச் சொல்லிக்கொண்டே நின்றார்: "போதும்! போதும்! போதும்!"

"நீங்கள் ஏன் ஏர்போர்ட்டுக்குப் போகவில்லை?" என்று நான் அன்ரியை ஆங்கிலத்தில் கேட்டேன். எனக்கு அது பெரிய புதினமாக இருந்தது. யாராவது வருகிறார்கள் என்றால் எங்கள் ஆட்கள் இரண்டு கார் பிடித்துப் போவார்கள்.

"ஹூ குக்?" என்றார் அன்ரி.

"அம்மாதானே சமைக்கிறா."

அம்மா கையுறையோடு என் தொடையில் கிள்ளினார். அன்ரி ஒரு காயை எடுத்து வைத்தார், பிறகு அதையே எடுத்து வேறு இடத்தில் வைத்தார். பிறகு அம்மாவைப் பார்த்துச் சொன்னார். முதலில் தொலைபேசியில் மகன் அழுவானாம். பிறகு கொஞ்சக் காலம் சண்டை பிடித்தானாம், ஏன் என்னை விட்டுவிட்டுப் போனாய் என்று. இப்போது சண்டையும் இல்லை. "நவ் வெரி பொலைட். யெஸ் மாமா, தேங்க்யூ மாமா. லைக் பேங்க்." அவர்கள் மொழியில் மாமா என்றால் அம்மா.

அம்மா கையிலிருந்த காயை வைத்துவிட்டு, அன்ரிக்கு ஒரு கதிரையை இழுத்துப் போட்டார்.

அன்ரி தொழுவதற்கு எங்கள் விறாந்தை அறைக்குள் போனார். அடைத்த காய்களெல்லாம் பானைக்குள் அடுக்கி முடிந்திருந்தன. சாறு ஊற்றுவதுதான் மிச்சம். அம்மா பானைக்குள் எட்டிப் பார்த்தார். எல்லாக் காய்களும் வாயைத் திறந்துகொண்டு, உள்ளே கொஞ்சம் வெறுமையோடு, அவரைப் பார்த்துக்கொண்டிருந்தன. அம்மா உள்வீட்டுப் பக்கம் ஒருமுறை பார்த்தார். பிறகு மிச்சமிருந்த அரிசி இறைச்சிக் கலவையை எடுத்து ஒவ்வொரு காயின் வாயிலும் பெருவிரலால் அமத்தி அமத்தி நிரப்பினார்.

"அன்ரி போதும் எண்டவா எல்லோ?" என்றேன்.

"விருந்துக்கு வந்தவை போதும் எண்டா நாங்கள் நிப்பாட்டுறமோ?"

"அரிசி பொங்குமாம் அம்மா."

"எனக்குச் சோறு காய்ச்சப் படிப்பிக்காதை. வருசக்கணக்காய்க் காணாத பிள்ளை வாசலுக்கு வருது. நாங்கள் நிறைகுடம் வைக்கிற ஆக்கள். குறைவயிறாய் ஒரு சாமானை அதுக்கு முன்னாலை வைக்கிறதோ?"

உண்மையில் எனக்கும் அதுதான் சரியாகப் பட்டது. காய்களுக்கு மேலே ஒரு தட்டைக் கவிழ்த்து, மூடியையும் போட்டபோது அன்ரி திரும்பி வந்தார். கவிழ்த்த தட்டுக்குக் கீழே என்ன இருக்கிறது என்று அவருக்குத் தெரியாது.

சாறு கொதித்ததும் புதிய சிக்கல். உப்பு யார் பார்ப்பது? அன்ரிக்கு நோன்பு, தண்ணீர்கூட வாயில் படக் கூடாது. அம்மாவுக்கு வெள்ளிக்கிழமை. அப்பா ஆசையோடு ஓரடி முன்னே வந்தார். அம்மா பார்த்த பார்வையில் அவருக்கும் வெள்ளிக்கிழமை ஆயிற்று. மூன்று பேரும் என்னைப் பார்த்தார்கள். "குழந்தைக்குப் பாவமில்லை" என்று அம்மா மூன்றாவது சட்டத்தைப் போட்டார். அகப்பையில் ஊதி ஊதிக் குடித்தேன். தக்காளியும் உள்ளியும் காய்ந்த புதினாவுமாய் நாக்கில் ஒரு புளிப்பு.

"உப்புக் காணாது."

போட்டார்கள். மறுபடியும் குடித்தேன். அவசரப்படவில்லை. என் வாழ்க்கையில் அதுவரை பெரியவர்கள் மூன்று பேர் என் வாயையே பார்த்துக்கொண்டு நின்றதில்லை.

"இப்ப காணும்."

அதற்குப் பிறகுதான் பாடு. கணவர் அழைத்தார்: விமானம் இறங்கிவிட்டது. மறுபடி அழைத்தார்: ஆட்கள் வருகிறார்கள், அவன் வரவில்லை. மறுபடி: அவனை உள்ளே நிறுத்திக் கேள்வி கேட்கிறார்களாம். அன்ரி கைப்பேசியை அப்பாவிடம் கொடுத்தார், வாங்கினார், மேசையில் வைத்தார், எடுத்தார். வாசலுக்கும் பானைக்குமாய் நடந்தார். அம்மாவும் அவர் பின்னாலேயே நடந்தார். எதற்கென்று தெரியாமல் நானும் நடந்தேன். காற்றில் அடுப்பு நெருப்புச் சாய்ந்து சாய்ந்து எரிந்தது. அப்பா போர்வையை விரித்து அதற்கு மறைப்புப் பிடித்துக்கொண்டு நின்றார்.

அன்ரி மூடியைத் திறக்கப் போனார். அம்மா தடுத்தார். "ஆக்கப் பொறுத்தனாங்கள், ஆறப் பொறுக்கேலாதோ?" தமிழிலேயே சொன்னார். அன்ரியும் விளங்கினது போலக் கையை எடுத்தார்.

அப்போதுதான் பானைக்குள் டக், டக் என்று சத்தம் கேட்டது. யாரோ உள்ளேயிருந்து கதவைத் தட்டுவது மாதிரி. மூடி மெதுவாய் ஒரு பக்கம் உயர்ந்தது. கவிழ்த்து வைத்த தட்டுத்தான் அதைத் தூக்கிக்கொண்டு வந்தது.

அன்ரி ஓடிப்போய்த் திறந்தார். ஒரு காய்கூடக் காயாக இல்லை. எல்லாம் நெடுக்க வெடித்து, தோல் ஒரு பக்கம், சோறு ஒரு பக்கமாய், சிவப்பாக ஒரு களி.

அம்மா இரண்டு கையுறைக் கைகளையும் தூக்கிக் காட்டினார். "நான்தான் சிஸ்டர். மீ. நீங்கள் போகேக்க. ஐ ஃபுல்."

ஏச்சு விழும் என்று நான் காத்திருந்தேன். விழவில்லை. அன்ரி கவிழ்ந்து கிடந்த வாளி ஒன்றில் உட்கார்ந்து, "ஹலாஸ்" என்றார். முடிந்தது என்று அர்த்தம். கண்ணீர் இல்லை. பானையைப் பார்க்காமல் ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். மகன் வாயில் முதலில் விழவேண்டியது அந்தக் களிக்குள் எங்கேயோ கிடந்தது.

"பதறாத காரியம்..." என்று அப்பா தொடங்கினார். அம்மா திரும்பினார். மிச்சப் பழமொழியை அப்பா விழுங்கிவிட்டார்.

அம்மா அன்ரிக்குப் பக்கத்தில் நிலத்தில் குந்தினார். "ஹபீப்தி" என்றார், முதல் தடவையாக. அதற்குமேல் சொல்ல அரபு தெரியாது. அந்த நேரம் பார்த்துக் கார் வந்து நின்றது.

இறங்கியவர் நல்ல உயரம். முதுகில் ஒரு பை, கையில் ஒரு ஜாக்கெட். அன்ரி எழுந்தார். நான் சினிமாவில் பார்த்த மாதிரி இரண்டு பேரும் ஓடிவருவார்கள் என்று எதிர்பார்த்தேன். ஓடவில்லை. அவர் நடந்து வந்து, குனிந்து, தாயின் இடக்கையை எடுத்து முத்தமிட்டார். அன்ரி ஏதோ கேட்டார். அவர் ஏதோ பதில் சொன்னார். "பயணம் எப்படி என்று கேட்கிறா. நல்லது, நன்றி என்கிறார்" என்று மகள் எனக்குக் கிசுகிசுத்தாள். அன்ரி பானையை மறைத்துக்கொண்டு நின்றார்.

கைப்பேசியில் பாங்கு ஒலித்தது. அப்பா ஓடிப்போய்த் தண்ணீர் கொண்டுவந்தார். அன்ரியின் கணவர் பேரீச்சம்பழம் நீட்டினார். எல்லோரும் கராஜ் வாசலில் நின்றபடியே நோன்பு திறந்தார்கள். அந்த அண்ணா பழத்தின் கொட்டையைக் கையில் வைத்துக்கொண்டு மூக்கைத் தூக்கி மணந்தார். தாயின் தோளை மெதுவாக விலக்கிவிட்டுப் பானையை எட்டிப் பார்த்தார்.

வெகுநேரம் பார்த்தார். பிறகு தாயின் மாவுக்கட்டைப் பார்த்தார். அம்மாவைப் பார்த்தார், நெற்றியில் திருநீறும் மணிக்கட்டுவரை சிவந்த கையுறையுமாய், தீர்ப்புக்குக் காத்திருக்கிற ஆள் மாதிரி நின்ற என் அம்மாவை. பிறகு ரோடு முழுக்கக் கேட்கும்படி ஏதோ சொன்னார்.

"என்ன சொல்றார்?" என்று நான் மகளைப் பிடித்து உலுக்கினேன்.

அவள் வாயைத் திறந்தாள். அண்ணனைப் பார்த்து முழித்தாள். அவர் அவள் தலையில் கையை வைத்தார். சில சொற்களை மொழிபெயர்ப்பது கஷ்டம் என்று எனக்குத் தெரியும், பொறுத்திருந்தேன். பிறகு அவள் மெதுவாகச் சொன்னாள். "அம்மா செய்கிற கூசா எப்பவும் வெடிக்குமாம். எங்கட தெருவே சிரிக்குமாம். இது வெடிக்காமல் இருந்திருந்தால், பிழையான வீட்டுக்கு வந்துவிட்டேன் என்று நினைத்திருப்பேன் என்கிறார்."

அன்ரி அவரையே பார்த்தார். பிறகு மாவுக்கட்டுக் கையால் அவர் தோளில் ஓங்கி ஒரு அடி. பெரிய குரலில் ஏசத் தொடங்கினார். அவரும் சிரித்துக்கொண்டே பெரிய குரலில் திருப்பி ஏசினார். அடித்த கையை அவர் பிடிக்க, அன்ரி மற்றக் கையால் அடிக்க, அப்படியே அவர் நெஞ்சில் முகத்தை வைத்துக்கொண்டு அழுதார். வங்கியில் கேட்கிற சத்தம் மாதிரி அது இல்லை.

கூசாவைக் கோப்பைகளில் அள்ளிக் கரண்டியால் சாப்பிட்டார்கள். அவர் மூன்று கோப்பை சாப்பிட்டார். உப்புச் சரியாக இருந்தது. அதைப்பற்றி ஒருவரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

அம்மாவுக்கு அன்றையிலிருந்து நடையே மாறிவிட்டது. "அவவுக்கே சரிவராதாம், அவ எனக்குப் படிப்பிக்க வந்திட்டா!" என்று அப்பாவிடம் சொன்னார். கேரம் டவுன்ஸ் கோயிலில் கண்ட அன்ரிமாருக்கும் சொன்னார். வெள்ளிக்கிழமை என்பதை மட்டும் சொல்லவில்லை.

அன்ரியின் மாவுக்கட்டைக் கழற்றிய கிழமை வேலிக்கு மேலால் தட்டு வந்தது. கொண்டுவந்தவர் அந்த அண்ணா. தட்டில் கூசாக்கள் வரிசையாகப் படுத்திருந்தன. ஒன்றிலும் ஒரு கீறல் இல்லை. எல்லாவற்றிலும் சோறு சரியாக வாய்வரை வந்து நின்றது, அளந்து வைத்தது போல.

எனக்கு அன்ரியை நினைத்துப் பெருமையாக இருந்தது. "உங்கட அம்மா நல்லாப் பழகிவிட்டா!" என்று ஆங்கிலத்தில் அவரைப் பாராட்டினேன்.

அவர் கொஞ்சமும் சிரிக்காமல் தலையாட்டினார். "யெஸ். ஸ்லோலி, ஸ்லோலி, ஷி லேர்ன்."

தட்டை அம்மாவிடம் கொடுத்து, அதையும் சொன்னேன். அம்மா ஒரு கூசாவை எடுத்து யன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"ஒண்டும் வெடிக்கேல்லை" என்றார்.

"ஓம், பழகிட்டா. அந்த அண்ணாவே சொன்னவர்."

"சொல்லேக்க சிரிச்சவனோ?"

"இல்லையே."

அம்மா கதிரையை இழுத்து உட்கார்ந்தார். அந்தக் கூசாவைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் வேலிப் பக்கம் பார்த்தார். பிறகு எழுந்து, பயற்றை எடுத்து வறுக்கத் தொடங்கினார். பயற்றம் பணியாரம் எங்கள் வீட்டில் தீபாவளிக்கும் கலியாணத்துக்கும் மட்டும்தான். வறுத்து, திரித்து, சர்க்கரைப்பாகில் குழைத்து, உருட்டி, மாவில் தோய்த்துப் பொரிக்க ஒரு நாள் வேண்டும். அன்றைக்குத் தீபாவளியும் இல்லை, கலியாணமும் இல்லை.

"ஆருக்கு அம்மா?"

"அந்தப் பிள்ளைக்கு."

தட்டைத் தூக்கிக்கொண்டு வேலிவரை நடந்ததற்கா இவ்வளவும் என்று எனக்குப் பொறுக்கவில்லை. அன்றைக்கு உப்புப் பார்த்தவள் நானல்லவா?